வீட்டில் வறுத்த ஏற்காட்டுக் காப்பி: குடித்தவர் சொல்லும் குறையிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி

சேலத்தில் இருந்துகொண்டு சொந்தமாகக் காப்பிக்கொட்டை வறுப்பவர்களுக்குக் கொட்டை கிடைப்பது ஒரு சிக்கலே இல்லை. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுச் சாலையைப் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தோட்டமே இருக்கிறது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்ததிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. பஞ்சமெல்லாம், வறுத்துப் பொடித்துக் கலந்து கொடுத்த காப்பியைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லும் ஆளுக்குத்தான். அப்படிச் சொல்பவர் கிடைத்தாலும், அவர் சொன்ன சொல்லை வைத்து வாணலியில் எதை மாற்றுவது என்று நமக்குத் தெரிவதில்லை.

கீழே உள்ள தலைப்புகள் குடித்தவர் வாயிலிருந்து வரும் சொற்கள். ஒன்றிரண்டு, வரவேண்டி வராமல் போன சொற்கள். உங்களுக்குக் கிடைத்த சொல் எந்தத் தலைப்பில் அடங்குகிறதோ அங்கிருந்து தொடங்கலாம். ஒரே ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒவ்வொரு வறுவலுக்கும் தேதி, பச்சைக்கொட்டையின் எடை, முதல் வெடிப்பு (சூடேறிய கொட்டை வெடிக்கும் சத்தம்) கேட்ட நிமிடம், அடுப்பிலிருந்து இறக்கிய நிமிடம், வறுத்தபின் எடை ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். 250 கிராம் பச்சைக்கொட்டை வறுத்தபின் 213 கிராம் நின்றால் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருக்கிறது, அது நடுத்தர வறுவல். 220 கிராமுக்கு மேல் நின்றால் இளவறுவல். 205க்குக் கீழே இறங்கினால் கருவறுவல். இந்தக் கணக்கு இல்லாதவருக்கு எவ்வளவு நல்ல விமர்சனம் கிடைத்தாலும் அதைக் கொண்டுபோய் மாட்ட ஆணி இருக்காது.

"நல்லாருக்குது" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை

இதைக் குறையின்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பக்கத்தில் விருந்தாளி காப்பியைக் குறை சொல்வது வீட்டாரையே குறை சொல்வதற்குச் சமம். ஆகையால் யாரும் சொல்ல மாட்டார்கள். என் பெரியம்மா ஒரு மாலை மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். நான் பெருமையோடு நீட்டிய டம்ளரை வாங்கி, "நல்லாருக்குதுப்பா, மணமா இருக்குது" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாமாவின் முழங்கால் வலிக்குத் திருப்பிவிட்டார். டபராவைக் கழுவ எடுத்துப்போனபோதுதான் பார்த்தேன்: பாதிக் காப்பி ஆடை கட்டி அப்படியே கிடந்தது. அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனவே முதல் வேலை, "இது நான் வறுத்தது" என்று சொல்வதை நிறுத்துவது. அந்த வாக்கியம் தகவல் போலத் தோன்றினாலும் குடிப்பவர் காதில் வேண்டுகோளாகவே விழும். இரண்டாவதாக, ஒற்றை டம்ளரைக் கொடுத்துக் கருத்துக் கேட்கக் கூடாது. இந்த வாரத்து வறுவலில் ஒன்றும் போன வாரத்து வறுவலிலோ கடைப்பொடியிலோ இன்னொன்றும் அரை அரை டம்ளராக வைத்து, "இரண்டில் எதை இன்னொரு வாய் குடிப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். இதற்கு விடை சொல்வதில் யாருடைய மனமும் நோகாது என்பதால் விடை வந்துவிடும். அதன் பிறகு, "மற்றதில் எது இடித்தது?" என்ற ஒரே கேள்வி போதும். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று உறவினரைக் கேட்பதில் பயனில்லை. என் அனுபவத்தில் எல்லாக் காப்பிக்கும் எட்டுதான் கிடைத்திருக்கிறது. மூன்றாவதாக, டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரில் நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். திரும்பி வந்து டபராவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதலாம்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள்

ஒருவர் கசப்பு என்கிறார், அடுத்தவர் புளிப்பு என்கிறார், மூன்றாமவர் தண்ணீராக இருக்கிறது என்கிறார். இந்த நிலையில் நாக்குகளைச் சந்தேகிக்கும் முன் டம்ளர்களைச் சந்தேகிப்பதே முறை. முதல் டிகாஷன் ஒருவருக்கும், வெந்நீர் ஊற்றி எடுத்த இரண்டாம் டிகாஷன் மற்றவருக்கும் போயிருந்தால், இருவரும் குடித்தது ஒரே காப்பி அல்ல. பாலும் சர்க்கரையும் கைக்கணக்கில் போவதும் அப்படியே.

குறை கண்டுபிடிக்க வேண்டுமானால் பாலும் சர்க்கரையும் இல்லாத வரக்காப்பியாகவே எல்லாருக்கும் ஒரே அளவில் வைக்க வேண்டும். காப்பி ருசிபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் பில்டரையே தொடுவதில்லை. கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த பொடி 8.25 கிராம், அதற்கு 150 மில்லி தண்ணீர் என்ற கணக்கில் ஒவ்வொரு கிண்ணத்திலும் போட்டு, 93 டிகிரி அளவில் வெந்நீரை ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் பொடியைக் கரண்டியால் விலக்கி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, நுரையை எடுத்தெறிந்து, சூடு தணிந்ததும் கரண்டியால் உறிஞ்சிப் பார்க்கிறார்கள். இதை வீட்டிலும் அப்படியே செய்யலாம். மிகச் சூட்டில் ஒரு குறையும் தெரியாது என்பதால், வெதுவெதுப்பான பிறகு இன்னொரு முறை பார்ப்பது கட்டாயம். மறைந்திருந்த கோளாறு பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும். இப்படிக் குறை கண்டு சரிசெய்த பிறகு, கடைசித் தீர்ப்பைப் பால் கலந்த காப்பியில்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் குடிக்கப்போவது அதைத்தான். சாயங்காலம் கடைவீதியில் தட்டுவடை செட் சாப்பிட்டு, அந்தக் காரச் சட்னியோடு நேராக வந்தவரை அன்றைக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டம்ளர்கள் ஒன்றுபோல் ஆன பிறகும் சொற்கள் வேறுபட்டால், சொற்களைச் சீர்செய்ய வேண்டும். துவர்ப்பு என்று தனிச் சொல்லையே வைத்திருக்கும் மொழியில் பிறந்துவிட்டு, காப்பி என்று வந்ததும் எல்லாவற்றையும் கசப்பு என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். நான் ருசிபார்க்க அழைப்பவர்களுக்கு முன்னால் ஒரு தட்டில் ஆறு கிண்ணிகள் வைத்துவிடுவேன்: நெல்லிக்காய்த் துண்டு, வறுத்த வேப்பம்பூ, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர், இரண்டு நாள் புளித்த கஞ்சி, கருகிய அப்பளம், ஊறவைத்து அரைவேக்காடாக வேகவைத்த பச்சைப்பயறு. முதலில் இவற்றை நுனிநாக்கில் தொட்டோ முகர்ந்தோ பார்த்துவிட்டுப் பிறகு காப்பியைக் குடித்து, "எந்தக் கிண்ணிப் பக்கம் போகிறது?" என்பதற்கு மட்டும் விடை சொன்னால் போதும். பத்து நிமிட வேலைதான். பக்கத்து வீட்டு அக்கா இதை முதல் தடவை பார்த்துவிட்டு, யாருக்குத் திவசம் என்று கேட்டார்.

"கசக்குது"

இது ஒரு குறை அல்ல, மூன்று. மூன்றுக்கும் மருந்து வேறு. ஆகவே உடனே வறுவலைக் குறைத்துவிடாமல், சொன்னவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: விழுங்கிய பிறகு வாய் எப்படி இருக்கிறது?

நாக்கு வறண்டு, ஈறு இழுக்கிறது என்றால் அவர் நெல்லிக்காய்க் கிண்ணிப் பக்கம் நிற்கிறார்; அது துவர்ப்பு. பொடி மிக நைசாக இருந்து தண்ணீர் நெடுநேரம் அதில் ஊறியிருக்கலாம், அல்லது இரண்டாம் டிகாஷன் கலந்திருக்கலாம். இவை இரண்டும் இல்லையென்றால் கொட்டையையே பார்க்க வேண்டும். வறுத்த கொட்டையை முறத்தில் பரப்பிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: எல்லாம் ஒரே பழுப்பாக நிற்கும்போது நாலைந்து மட்டும் வெளிறி, வேர்க்கடலைத் தோல் நிறத்தில் கிடக்கும். அவை காயாகவே பறித்த பழங்களின் கொட்டைகள். உள்ளே சர்க்கரைச் சத்து சேராததால் எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. ஒன்றை எடுத்துக் கடித்தால் காகிதம் மென்றதுபோல் இருந்து, பின்னால் வாயை இழுக்கும். அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு அதே வறுவலை மறுபடி போட்டுக் கொடுத்தால், "இப்ப மாத்திட்டீங்களா?" என்பார்கள். தோட்டத்தில் பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பல சுற்றாகப் பறிப்பதற்கும், கிளையோடு சேர்த்து உருவிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த முறத்தில் வந்து தெரியும்.

கருகிய அப்பளத்தைக் காட்டினால் கோளாறு அடுப்பில். அதிலும் இரண்டு வகை உண்டு. கொட்டையின் தட்டையான பக்கத்தில் மட்டும் கரும்புள்ளிகள் இருந்தால், வாணலி அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தபோது கொட்டையைக் கொட்டியிருக்கிறீர்கள், அல்லது கிண்டும் கை சோர்ந்திருக்கிறது. நெருப்பைக் குறைத்துத் தொடங்கி, நிற்காமல் கிண்ட வேண்டும். புள்ளி இல்லாமல் முழுதும் ஒரே சீராகக் கறுத்து எண்ணெய் கசிந்திருந்தால், இரண்டாம் வெடிப்பைத் தாண்டி விட்டிருக்கிறீர்கள். முதல் வெடிப்பு சோளப்பொரி பொரிவதுபோல் கனத்துக் கேட்கும். இரண்டாவது, கடுகு தாளிப்பதுபோல் மெலிதாகவும் வேகமாகவும் கேட்கும். அந்தக் கடுகுச் சத்தம் தொடங்குமுன் இறக்கி, உடனே முறத்தில் கொட்டி விசிறி ஆற்ற வேண்டும். வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

வாய் வறளவும் இல்லை, கருகலும் இல்லை, கசப்பு வந்த வேகத்தில் போய்விடுகிறது என்றால் அது காப்பியின் இயல்பான கசப்பு. சொன்னவர் சிக்கரி கலந்த பொடிக்குப் பழகியவராக இருக்கலாம். கலப்புப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அதாவது பாதிக்குச் சற்றே குறைவு வரை சிக்கரி இருக்க அதில் இடம் உண்டு. அந்தக் கெட்டிப்பையும் வெல்லச் சாயலையும் எதிர்பார்க்கும் நாக்கு, வெறும் காப்பியில் ஏதோ குறைகிறது என்றுதான் சொல்லும். இதற்கு வறுவலை மாற்ற வேண்டியதில்லை. அவருக்கு மட்டும் கொஞ்சம் சிக்கரி சேர்த்துக் கொடுத்துவிடலாம். சோதனைக்கு வைக்கும் டம்ளரில் மட்டும் சிக்கரி வரவே கூடாது, ஏனென்றால் அது பாதிக் குறைகளை மூடிவிடும்.

"புளிக்குது"

எலுமிச்சையா, புளித்த கஞ்சியா என்று கேளுங்கள். எலுமிச்சை என்றால், அதோடு பச்சைப்பயறு வாடையும் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இரண்டும் சேர்ந்து இருந்தால் வறுவல் உள்ளே இறங்கவில்லை. கொட்டையை உடைத்தால் வெளியே ஒரு நிறமும் உள்ளே வெளிர் நிறமும் தெரியும். முதல் வெடிப்புக்குப் பிறகு இறக்குவதை அடுத்த தடவை ஒரு நிமிடம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். பயறு வாடை இல்லாமல் கமலாப்பழச் சாயலில் புளிப்பு மட்டும் இருந்தால் அது மலைக் காப்பியின் குணம். அதைக் குறையாக எண்ணி நான் இரண்டு வருடம் கருக்கிக்கொண்டிருந்தேன். இளவறுவல் டிகாஷன் அமிலம் கூடியது என்பதால், காலையில் வாங்கி வெளியில் கிடந்த பாலில் ஊற்றினால் திரிந்துவிடவும் கூடும். அந்தக் குற்றத்தில் பாலுக்கும் பங்குண்டு.

புளித்த கஞ்சியைக் காட்டினால் உங்கள் வாணலியால் ஒன்றும் செய்ய இயலாது. பழத்தைத் தோல் நீக்கிய பிறகு, கொட்டைமேல் ஒட்டியிருக்கும் வழவழப்புக் கரைவதற்காகத் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை விடுகிறார்கள். டிசம்பர் குளிரில் நேரம் நீளும், வெயில் நாளில் குறையும். கடிகாரத்தை மட்டும் நம்பினால் அளவு தப்பிவிடும். ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவித் தேய்க்கும்போது வழுக்காமல் கூழாங்கல்போல் கரகரத்தால் அந்த நிமிடமே கழுவிவிட வேண்டும். பறித்த பழத்தை மூட்டையிலேயே இரவு முழுதும் விட்டிருந்தாலும் இதே புளிப்பு வரும். இந்தக் குறையை வறுவலைக் கூட்டி மறைக்க முயலாமல், கொட்டை கொடுத்தவருக்குத் தேதியோடு சொல்வது நல்லது. அவருக்கும் அந்தத் தகவல் வேறு யாரிடமிருந்தும் வராது.

"சப்புனு இருக்குது"

சேலத்துக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. ஒரே பொடியைப் பாதி இங்கே வைத்துக்கொண்டு பாதியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினேன். அங்கே பழவாசனை என்றார்கள். இங்கே என் மனைவி, பழைய பொடியா என்று கேட்டாள். சேர்வராயன் மலையடிவாரம் மேக்னசைட் என்னும் மக்னீசியத் தாதுவை வெட்டியெடுக்கும் பூமி. இங்குள்ள பல ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் மிகக் கடினமானது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். அந்தப் படலம் கட்டும் உப்பே காப்பியின் மென்மையான அமிலங்களையும் அடித்துப்போடுகிறது. புளிப்போடு சேர்ந்து மணமும் படுத்துவிடுகிறது. சோதிப்பது எளிது: வடிகட்டிய கேன் தண்ணீரில் ஒன்று, வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒன்று என்று இரண்டு டம்ளர் போட்டு, எது எதில் என்று சொல்லாமல் கொடுங்கள். வேறுபாடு தெரிந்தால் வறுவலைத் தொடவே வேண்டாம். மலையில் இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்று உண்டு: அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், குளிர்ந்த பில்டரில் ஊற்றினால் டிகாஷன் சரியாக இறங்காமல் மெலிந்து புளிக்கும். பில்டரை வெந்நீரில் சூடேற்றி, பொடியை ஒரு படி நைசாக அரைத்தால் சரியாகிவிடும்.

தண்ணீர் குற்றவாளி இல்லையென்றால், அரைத்துப் பல நாள் ஆன பொடியா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் நோட்டைத் திறந்து, முதல் வெடிப்புக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று பாருங்கள்; மெல்லிய தீயில் இருபது நிமிடத்துக்கும் மேல் காய்ந்த கொட்டை வறுபடுவதற்குப் பதிலாக வெந்துபோய்விடும்.

"என்னமோ ஒரு வாடை"

புகை வாடை என்றால் வறுக்கும்போது உதிரும் மெல்லிய தோல் வாணலியில் கிடந்து எரிந்திருக்கிறது. சாக்கு வாடை, மண் வாடை என்றால் களத்தில் காய்ந்த விதம். மிளகு வாடை என்றால் இரண்டையும் ஒரே டப்பா அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்திலேயே மிளகுக்கொடி படர்ந்தாலும், அலமாரியில் இரண்டும் சேரக் கூடாது. பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை என்றால் அரைக்கும் மிஷினைக் கழுவுங்கள்.

மாற்றிய பிறகு "இப்ப தேவலாம்" என்கிறார்கள், நம்பலாமா?

நீங்கள் மாற்றியது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நம்பக் கூடாது. இந்த இடத்தில் பீர் காய்ச்சுபவர்களிடமிருந்து ஒரு முறையைக் கடன் வாங்கலாம். மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்ததே சேலம் மாவட்டத்தில்தான் என்பதால், கடன் வாங்க இதைவிடப் பொருத்தமற்ற ஊர் இருக்க முடியாது. ஆனாலும் முறை நல்ல முறை. 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் ருசிபார்ப்பவர்களைத் தேர்ந்தெடுக்க அதைக் கையாண்டார்கள். மூன்று டம்ளர், இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் மட்டும் வேறு. எது நன்றாக இருக்கிறது என்று கேட்பதில்லை. எது வேறு என்று மட்டும் கேட்க வேண்டும்.

எவர்சில்வர் டம்ளராக இருந்தால் காப்பியின் நிறத்தைக் கொண்டு கண்டுபிடிப்பது கடினம், அது வசதியே. அடியில் சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டி, இன்னொருவரை விட்டு இடம் மாற்றி அடுக்கச் சொல்லுங்கள், நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். ஆகவே பன்னிரண்டு முறை வைத்து, நாலைந்து முறை சரியாகச் சொன்னால் அது தற்செயல். எட்டோ அதற்கு மேலோ வந்தால் உண்மையாகவே வேறுபாடு இருக்கிறது என்று கொள்ளலாம். அதன் பிறகுதான் எது மேல் என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. பன்னிரண்டையும் ஒரே நாளில் வைக்காமல், வருகிறவர் போகிறவருக்கு ஒன்றொன்றாக வைத்து இரண்டு ஞாயிறுகளில் முடிக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் என்பதை இங்கே விடாப்பிடியாகக் கடைப்பிடிக்க வேண்டும். வறுவலையும் தண்ணீரையும் சேர்த்து மாற்றியவருக்கு, வேறுபாடு எதனால் வந்தது என்பது கடைசிவரை தெரியாது.

ஒருவர் மட்டும் குறை சொல்கிறார், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை

ஐந்து பேரில் நால்வர் சரி என்றால் சரி என்று முடிக்கும் பழக்கம் இங்கே உதவாது. சில வாடைகள் சில மூக்குகளுக்கு மட்டுமே எட்டும். அந்த ஒருவருக்கு மட்டும் மூன்று டம்ளர் சோதனையைத் தனியாக ஆறு முறை வையுங்கள். ஐந்து முறை சரியாகப் பிடித்துவிட்டால், அவர் சொல்வது உண்மை என்று எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேடலாம். எங்கள் வீட்டில் அப்படிப் பிடித்தவள், காப்பியே குடிக்காத என் தங்கை மகள். முகர்ந்து பார்த்துவிட்டு, "மாமா, இதுல பாத்திரம் விளக்குற வாசம் அடிக்குது" என்றாள். பெரியவர்கள் எல்லாரும் சிரித்தோம். ஆறுக்கு ஆறும் சரியாகச் சொன்னாள். பில்டரின் மேல்பாத்திரத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, அடித்தட்டின் துளைகளில் பாதிக்கு மேல் வெளிச்சம் வரவில்லை. பழைய பொடியும் சோப்பும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. இப்போதெல்லாம் மாதம் ஒரு முறை அதை அடுப்புத் தீயில் காட்டி, துளைகளை ஊசியால் குத்தி, வெறும் வெந்நீரில் கழுவுகிறோம்.